கழுவாத கண்ணாடி

புஷ்பலதாவுக்குக் கோபம் மூக்கின் மேல் இருக்கும். தெலுக் இந்தானில் அவள் நடத்தும் பள்ளிக் கேண்டீனில் வாத்தியார்களே அவளுக்குப் பயந்துதான் சர்க்கரை குறைவாகக் கேட்பார்கள். அப்படிப்பட்டவள், ஈப்போ லிட்டில் இந்தியாவில் ஒரு துணிக்கடைக்கு மேலே பழைய படங்களைச் சரிசெய்யும் பமேலாவின் கடைக்குப் படியேறி வந்து, ஒரு படத்தை மேசையில் வைத்துவிட்டு வாயே திறக்காமல் நின்றாள். திறந்தால் அழுகை வந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும்.

படம் உள்ளங்கை அகலம்தான். சுங்காய் பக்கத்து ரப்பர் தோட்டத்தில், தொழிலாளர் லயத்து வீட்டு வாசலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படம். அப்பா விறைப்பாக நிற்கிறார். ஆறு வயது அண்ணன் ஜெயபாலன் அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டிருக்கிறான். நாற்காலியில் அம்மா, அவள் மடியில் கைக்குழந்தை. அந்தக் குழந்தைதான் புஷ்பலதா. அவளுக்கு எட்டு மாதமாக இருக்கும்போதே அம்மா காய்ச்சலில் போய்விட்டாள். அம்மாவுக்கென்று இருந்தது இந்த ஒரே படம். இப்போது அதிலும் அம்மாவின் கழுத்துக்கு மேலே வெறும் வெள்ளைத் தாள்தான், பிய்ந்து நார்நாராகக் கிடந்தது.

“எப்படிக்கா ஆச்சு?” என்றாள் பமேலா.

“நான்தான் பிச்சேன்.”

மகள் ஷர்மினிக்கு அடுத்த மாதம் கல்யாணம். அதற்கு முன்னால் இறந்தவர்களுக்குப் படையல் போடுவது அவர்கள் வீட்டு வழக்கம். படையலுக்குள் அம்மா படத்துக்குப் புதுச் சட்டம் போடலாமென்று, போன வாரம் சுங்காயில் அண்ணன் வீட்டுக்குப் போய்ப் பழைய சட்டத்தைக் கழற்றினாள். எப்போதோ கூரை ஒழுகிய ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டிருந்தது. பொறுமை என்பது அவளுக்கு ஏது? பிடித்து இழுத்தாள். படம் வந்தது, அம்மா முகம் வரவில்லை.

“எம்மக ஹேண்ட்போன்ல என்னமோ அமுக்கி முகம் செஞ்சு குடுத்தா. பாருங்க இந்தக் கூத்த.”

கைப்பேசியில் ஒருத்தி பளிச்சென்று சிரித்தாள். பல் வரிசை பற்பசை விளம்பரம்போல இருந்தது.

“யாரு வூட்டுப் பொண்ணுன்னே தெரியல. இதுக்கு எப்படி நான் படையல் போடுறது?”

பமேலா சிரிக்கவில்லை. “நீங்க சொல்றது சரிதான்கா. நானும் முகம் வரைய மாட்டேன். சேலையில கறை இருந்தா எடுப்பேன், செவுரு போயிருந்தா பூசிருவேன். இல்லாத முகத்த வெச்சா அது பொய்.”

“அப்புறம் எதுக்குலா பழைய படம் சரி பண்ணித் தரப்படும்னு போர்டு மாட்டி வெச்சிருக்கீங்க? தெலுக் இந்தான்லேர்ந்து வாரேன், தெரியுமா?”

“கோவப்படாதீங்க. மொதல்ல பாக்குறேன்.”

அவள் பார்த்த விதத்தில்தான் புஷ்பலதாவின் கோபம் மெல்ல இறங்கியது. படத்தை விரலால் தொடவே இல்லை. மெல்லிய அட்டையை அடியில் செருகித் தூக்கி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் போடுவதுபோல ஸ்கேனரில் வைத்தாள். திரையில் படம் கதவளவுக்குப் பெரிதானது. அப்பாவின் சட்டைப் பித்தானில் இருந்த நூல்கூடத் தெரிந்தது. பமேலா பிய்ந்த விளிம்பையே அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டு போனாள். கேண்டீனில் இப்படி ஓர் ஆள் வேலைக்குக் கிடைத்தால் காலில் விழலாம் என்று புஷ்பலதா நினைத்துக்கொண்டாள்.

“உங்க அம்மா பாக்க எப்படி இருப்பாங்க?”

“தெரியாது.”

பமேலா திரும்பிப் பார்த்தாள். புஷ்பலதா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“அம்மா சுமங்கலியா போனாங்க. அப்பா கண்ணாடி மேல சந்தனம் கொழச்சு, குங்குமம் வெச்சாரு. படத்துல மூஞ்சி இருக்கிறதே நகத்தளவு. பொட்டு அத விடப் பெருசு. பொங்கல், தீவாளின்னு அது மேலயே புதுசா வெப்பாரு. பழசத் தொடைக்க விட மாட்டாரு. சுமங்கலி பொட்ட அழிக்கக் கூடாதுன்னு கத்துவாரு. எனக்குத் தெரிஞ்சு அம்மான்னா ஒரு தாடையும், சந்தனக் கட்டியும்தான். போன வருஷம் அப்பாவும் போயிட்டாரு. சரி, கல்யாணத்துக்காச்சும் அம்மா மூஞ்சியப் பாக்கலாம்னுதான் கழட்டுனேன்.”

சொல்லி முடிப்பதற்குள் கண் நிறைந்துவிட்டது. ஐம்பத்தாறு வயதில் முன்பின் தெரியாத ஒருத்தி முன்னால் அழுவது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

“அக்கா, அந்தக் கண்ணாடி எங்க?”

“அது எதுக்கு?”

“படம்ங்கிறது தாள் மேல இருக்கிற மெல்லிசு தோல்தான். ஈரத்துல அது கண்ணாடியோட போயிரும். நீங்க பிச்சது தாளத்தான். உள்பக்கம் வெள்ளையா ஏதாச்சும் ஒட்டியிருந்துச்சா?”

புஷ்பலதாவுக்கு நினைவு வந்தது. ஒட்டியிருந்தது. அழுக்கு என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டாளா? கிளம்பும்போது அண்ணனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டு வந்தாள்: “சபீனா தூள் போட்டு நல்லா தேச்சுக் கழுவி வை. புதுச் சட்டத்துக்கு அந்தக் கண்ணாடியே போதும்.”

உடனே அண்ணனைக் கைப்பேசியில் அழைத்தாள். “அண்ணே, அந்தக் கண்ணாடி இருக்குல்ல, கழுவிட்டியா?”

“கழுவிட்டேன், கழுவிட்டேன். நீ சொன்ன அன்னிக்கே கழுவிட்டேன். பளபளன்னு இருக்கு.”

புஷ்பலதா நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். வாழ்நாளில் ஒரு வேலையைச் சொன்ன நேரத்தில் செய்யாதவன், இதை மட்டும் செய்து தொலைத்திருக்கிறானே! படத்தைப் பிய்த்தது போதாதென்று இரண்டாம் தடவையும் அம்மாவை நானே கொன்றேன் என்று வாய்விட்டே சொன்னாள்.

பமேலா மெதுவாகக் கைப்பேசியை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அண்ணே, பசியாறிட்டீங்களா? நான் ஈப்போ படக்கடையிலேர்ந்து பேசுறேன். ஒண்ணும் பயப்படாதீங்க. யாரும் ஏச மாட்டாங்க. கழுவலைன்னாதான் எங்களுக்குச் சந்தோஷம். நெசமா கழுவிட்டீங்களா?”

அந்தப் பக்கம் கோழி ஒன்று கொக்கரிப்பது மட்டும் கேட்டது.

“கழுவல,” என்றான் ஜெயபாலன். “அடுப்படியில கேஸ் தோம்புக்குப் பின்னாடி சாத்தி வெச்சேன், அப்படியே இருக்கு. தங்கச்சிகிட்ட சொல்லாதீங்க.”

“அண்ணே!” என்று புஷ்பலதா போட்ட கூச்சல் கீழே துணிக்கடை வரைக்கும் கேட்டிருக்கும். “தொடாத! தொடைக்காத! துண்டுல சுத்திக் காடியில எடுத்துகிட்டு வா!”

ஒன்றேகால் மணி நேரத்தில் காரில் வர வேண்டிய ஆள் மூன்று மணி நேரம் எடுத்துக்கொண்டான். நெடுஞ்சாலையில் நாற்பதைத் தாண்டவே இல்லையாம், பின்னால் வந்த லாரிக்காரனெல்லாம் ஹாரன் அடித்துத் திட்டினானாம். தலையணை உறை, அதற்கு மேல் துண்டு, அதற்கு மேல் கைலி. பிரிக்கப் பிரிக்க வந்துகொண்டே இருந்தது.

பமேலா கண்ணாடியை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தாள். பார்த்ததும் அவள் முகமே மாறிவிட்டது. “இருக்காங்க,” என்றாள்.

உள்பக்கத்தைத் தொடவில்லை. வெளிப்பக்கத்தில் ஐம்பது வருடத்துச் சந்தனம் பாறையாகக் காய்ந்திருந்தது. நீரில் தொட்டுப் பிழிந்த பஞ்சுக் குச்சியை அவள் எடுத்தாள். கண்ணாடிக்குப் பக்கத்தில் கொண்டுபோனவள், கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“அக்கா, நாங்க வேதக்காரங்க. எங்க வூட்ல படத்துக்குப் பொட்டு வெக்கிறதில்ல. ஆனா இது என்னான்னு எனக்குத் தெரியும். நான் அழிக்கிறது மொறையில்ல. நீங்க அழிங்க, எப்படின்னு நான் சொல்றேன்.”

அந்த ஒரு சொல்லில் புஷ்பலதாவுக்கு அவள்மேல் வந்த மரியாதை இவ்வளவு அவ்வளவு இல்லை. குச்சியை வாங்கினாள், ஆனால் கை கூசியது. அப்பாவின் கத்தல் காதுக்குள் கேட்டது. ஜெயபாலன் அவள் தோளைத் தொட்டு, “செய்யி,” என்றான்.

“அம்மா, கொஞ்ச நேரந்தாம்மா. திரும்ப வெச்சு வுட்டுர்றேன்.”

சந்தனம் துளித்துளியாகக் கரைந்து வந்தது. பமேலா பக்கத்தில் நின்று, “மேலேர்ந்து கீழ, அழுத்தாதீங்க, குச்சிய மாத்துங்க,” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். பொறுமையே இல்லாத புஷ்பலதா நாற்பது குச்சி மாற்றினாள். கடைசியில் கண்ணாடியை ஸ்கேனரில் வைத்து, அதன்மேல் வெள்ளைத்தாளை மூடினார்கள். பிறகு பமேலா திரையின் முன் உட்கார்ந்தாள். அம்மாவின் காதுத் தோட்டில் பாதி தாளில் இருந்தது, பாதி கண்ணாடியில் இருந்தது. அந்த இரண்டு பாதியையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தி, தோடு முழு வட்டமாகும் வரை அவள் விடவில்லை. சாயங்காலமாகிவிட்டது. கன்னத்தில் கடுகளவு இடம் எங்குமே கிடைக்கவில்லை. “இது போனது போனதுதான்கா. இத நிரப்ப மாட்டேன்,” என்றாள். இவள் வைத்தது ஒன்றுகூட இல்லை, இருப்பதெல்லாம் அம்மாதான் என்ற நம்பிக்கை அந்தக் கடுகளவு வெள்ளையில்தான் புஷ்பலதாவுக்கு வந்தது.

“இனிமே பொட்டச் சட்டத்து மேல வைங்க. முகத்துல வேணாம்,” என்று சொல்லிவிட்டுப் பமேலா நாற்காலியை விட்டு எழுந்தாள். “வந்து பாருங்க.”

புஷ்பலதா பார்த்தாள். சின்ன நெற்றி. அதில் அம்மாவே வைத்துக்கொண்ட ஒரு சாந்துப் பொட்டு. அதற்குக் கீழே இரண்டு கண்கள். இமை பாதி இறங்கி, இப்போதுதான் தூங்கி எழுந்ததுபோல, எதற்கும் அவசரமில்லாத கண்கள். அந்தக் கண்களை அவளுக்கு நன்றாகத் தெரியும். தூங்கி வழியிற மூஞ்சி, சோம்பேறி மூஞ்சி என்று விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் ஏசி வந்த கண்கள்.

அவள் திரும்பினாள். ஜெயபாலன் கைலியை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு சுவரோரமாக நின்றான். அவள் பார்வையைக் கண்டதும் ஓரடி பின்வாங்கினான்.

“நான் என்னா செஞ்சேன்?”

அவள் கிட்டே போனாள். நரைத்த தாடியோடு அவன் முகவாயைப் பிடித்து ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

“நீ ஒண்ணும் செய்யல அண்ணே. கொஞ்சம் அசையாம நில்லு. அம்மாவப் பாத்துக்கிறேன்.”