போகிற ஆள் ஏன் பேட்டரி மாற்றினார்?

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையை எழுத வேண்டும் என்று எனக்கு எந்த ஆசையும் இல்லை. இது அக்கா என் தலையில் கட்டியது. போன வாரம் போன் செய்தவள் எடுத்த எடுப்பிலேயே கேட்டாள்.

"நீ கதை எழுதுறவதானே?"

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

"அப்ப இதுக்குப் பதில் சொல்லு. வீட்டை விட்டுப் போகப்போற ஆளு எதுக்குடி என் கன்ட்ரோலர்ல பேட்டரி மாத்தணும்?"

போகப்போகிற ஆள் என் மாமா, அதாவது அவள் கணவர். கன்ட்ரோலர் என்பது டிவியில் வீடியோ கேம் ஆடுகிறவர்கள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பொத்தான்களை அமுக்குவார்களே, அது.

மாமா லிஃப்ட் பழுதுபார்ப்பவர். கம்பெனி அவரை வேறு ஊருக்கு மாற்றியிருந்தது. அக்கா ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ்களை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துக் கொடுப்பவள். வேலையை விட்டு வர முடியாது என்றுவிட்டாள். அதிலிருந்து பேச்சு எப்படியோ வளர்ந்து, அல்லது வளராமலே போய், இருவரும் பிரிந்துவிடுவது என்று ஆகியிருந்தது. ஹாலில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியாயிற்று. அவற்றின் மேல் மாமாவின் கையெழுத்தில் 'சட்டை', 'ஸ்பேனர்', 'இதர'. அந்த நிலைமையில்தான் மனிதர் உட்கார்ந்து மனைவியின் கன்ட்ரோலரைப் பிரித்து, பழையதைவிடப் பெரிய பேட்டரியாகப் பார்த்துப் போட்டிருக்கிறார்.

"பாசமா, பழக்கமா, திமிரா? எனக்குத் தலையும் புரியல, வாலும் புரியல. நீதான் மனுஷங்க மனசுக்குள்ள புகுந்து எழுதுவியே, புகுந்து பாத்துச் சொல்லு" என்றாள் அக்கா.

புகுந்து பார்க்கிறேன். (வெளியே வர வழி தெரியுமா என்று கேட்காதீர்கள்.)

2

தொடக்கம் ஒன்று: மாலை வெயில் ஜன்னல் வழியே சாய்ந்து அவருடைய கைகளின் மேல்

இல்லை. அக்கா வீட்டு ஜன்னலுக்கு எதிரே பக்கத்துக் கட்டடத்தின் சுவர்தான் இருக்கிறது. அந்த வீட்டுக்குள் வெயில் வந்ததை நான் பார்த்ததே இல்லை.

தொடக்கம் இரண்டு: பேட்டரி என்பது என்ன? ஒரு விதத்தில் பார்த்தால், நாம் எல்லோருமே

இதை எழுதிவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

தொடக்கம் மூன்று: சாப்பாட்டு மேஜையில் பேப்பரை விரித்து, மாமா இரண்டு கன்ட்ரோலர்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

இது இருக்கட்டும். நடந்ததும் இதுதான். அக்கா கடைக்கு வேலைக்குப் போயிருந்த நேரம். முதலில் மாமா தன்னுடைய கன்ட்ரோலரைத்தான் திறந்தார், கை பழகுவதற்காக. முதுகுப் பக்கத்துத் திருகுகளைக் கழற்றி ஒரு பாட்டில் மூடியில் போட்டார். காலாவதியான பஸ் அட்டை ஒன்றை விளிம்பில் செருகி நெம்பினார். டக்கென்று பிரிந்தது. பிரிந்த வேகத்தில், இரண்டு பாதிகளையும் இணைக்கிற ரிப்பன் கேபிள்* அறுந்துவிட்டது.

அவர் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்ததாகப் போனில் சொன்னார். என்ன நினைத்தீர்கள் என்று கேட்டேன். "ஒண்ணும் நினைக்கல. அறுந்துடுச்சுன்னு நினைச்சேன்" என்றார்.

பிறகு அக்காவுடையதை எடுத்தார். இந்த முறை மெதுவாக. மேல் பாதியைத் தூக்காமல், புத்தகம் திறப்பதுபோல் பக்கவாட்டில் சாய்த்தார். பழைய பேட்டரி லேசாக உப்பியிருந்தது. புதியது அதைவிடத் தடிமன் என்பதால் அதன் தட்டில் உட்காரவில்லை. தட்டின் நடுவே மேடாக இருந்த பிளாஸ்டிக்கை நகவெட்டியால் கொஞ்சம் கொஞ்சமாக வெட்டி எடுத்தார். உட்கார்ந்தது. மூடி, திருகி, டிவியைப் போட்டுப் பார்த்தார். பேட்டரிக் குறியில் ஒரே ஒரு கோடு. முழுக்க சார்ஜ் ஏற்றிய பிறகும் அதே ஒரு கோடு. பழைய பேட்டரிக்குப் பழகிய கன்ட்ரோலர் புதியதை எப்படி அளப்பது என்று தெரியாமல் தடுமாறுகிறது போலிருக்கிறது. எல்லாவற்றையும் துடைத்து, மேஜையைச் சுத்தம் செய்து, கன்ட்ரோலரைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டார். ஒரு வார்த்தை சொல்லவில்லை. குப்பைக் கூடையில் பேட்டரியின் காலி டப்பாவைப் பார்த்துத்தான் அக்காவுக்கே தெரிந்தது.

* காகிதம் மாதிரி மெல்லிய, தட்டையான ஒயர். இதை வைத்து ஓர் உவமை சொல்ல எனக்குக் கை துறுதுறுக்கிறது. சொல்லமாட்டேன்.

3

இந்த இடத்தில் மாமா மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. மனிதர் மேல் அல்ல, என் பாத்திரத்தின் மேல். நகவெட்டியால் பிளாஸ்டிக்கை வெட்டுகிற பத்தியைத் திரும்பப் படித்தால், ஏதோ தியாகி மாதிரி இருக்கிறார். என் மாமா தியாகி இல்லை. ஊர் மாற்றத்துக்கு அக்காவைக் கேட்காமலே சரி சொல்லிவிட்டு வந்து, சாப்பிடும்போது போகிற போக்கில் அதைச் சொன்னவர்.

அதனால் நேரில் போய்க் கேட்டுவிட்டேன். ஓர் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தளம். மஞ்சள் தடுப்புக்குப் பின்னால் லிஃப்ட் கதவு திறந்திருந்தது, உள்ளே லிஃப்ட் இல்லை. பள்ளத்திலிருந்து மாமாவின் ஹெல்மெட் மட்டும் தெரிந்தது.

"என்னம்மா, இங்கேயே வந்துட்டே? வீட்ல ஏதாவது?"

"ஒண்ணும் இல்ல மாமா. அந்தப் பேட்டரிய ஏன் மாத்தினீங்கன்னு கேக்க வந்தேன்."

"சார்ஜ் நிக்கல. அதான்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? கடையில பெருசு ஒண்ணு இருந்துது. பெருசையே போட்டேன்."

"நீங்கதான் போகப்போறீங்களே மாமா."

அவர் எழுந்து நின்று ஸ்பேனரைத் துணியில் துடைத்தார். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

நான் கிளம்பத் திரும்பியபோது பள்ளத்திலிருந்து குரல் வந்தது. "அவ என்ன சொன்னா?"

"எதைப் பத்தி மாமா?"

"பேட்டரியப் பத்தித்தான்."

"ஏன் மாத்தினார்னு கேட்டா."

"ஓ" என்றார்.

இந்த 'ஓ'வை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. குறிலா நெடிலா என்றுகூடச் சொல்ல முடியாதபடி இருந்தது.

இன்னொன்றும் கேட்டேன். "பிரியலாம்னு முதல்ல யார் மாமா சொன்னது?" "அவதான்" என்றார் உடனே. அக்காவிடம் இதே கேள்வியைக் கேட்டபோது அவளும் உடனே சொல்லியிருந்தாள், "அவர்தான்." இருவருமே பொய் சொல்கிறவர்கள் அல்ல. ஒரு கதையில் யாராவது ஒருவர் அதைச் சொல்லியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கதை எங்கிருந்து நகரும்? என் கதையில் சொன்னவரே இல்லை. ஆனால் பெட்டிகள் கட்டியாயிற்று.

4

அவர்கள் ஆடும் விளையாட்டைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

ஒரு மிருகக்காட்சிசாலையிலிருந்து ஒரு நரியும் ஒரு கரடியும் தப்பிக்க வேண்டும். மாமா நரி, அக்கா கரடி. நரி பூட்டுகளைத் திறக்கும், கரடி கனமான சாமான்களைத் தூக்கும். கல்யாணம் ஆன புதிதில் வாங்கியது. பல வருஷமாக அந்த மிருகங்கள் தப்பித்தபாடில்லை. ஒவ்வொரு நாளும் சாயங்காலம் கொஞ்சம் ஆடுவார்கள். பேச்சுவார்த்தை நின்றுபோன பிறகும் இது மட்டும் நிற்கவில்லை. ஏன் நிற்கவில்லை என்று அவர்களுக்கே தெரியாது, நானும் கேட்கவில்லை.

அக்கா மாமாவை 'நீங்க' என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் விளையாட்டில் மட்டும் வாய் மாறிவிடும். "டேய் நரி, கதவைப் பிடிடா! எங்கடா போறே, காவலாளி வர்றான் பாரு!" மாமாவும் சளைக்காமல், "ஏய் கரடி, தின்னது போதும், நகரு!" என்பார். அவள் கன்ட்ரோலரில் சார்ஜ் அரை மணி நேரம் நின்றால் அதிகம். கரடி அப்படியே உறைந்து நிற்கும். "தீந்துடுச்சு" என்பாள். டிவி அணையும். அடுத்த நிமிஷம், "சாப்பிடுறீங்களா?"

இதைக் கண்டுபிடித்ததும் நான் துள்ளிக் குதித்தேன். அக்காவுக்குப் போன் போட்டேன்.

"புரிஞ்சுடுச்சுக்கா! சார்ஜ் நின்னா நீ அவரை 'டேய்'னு கூப்பிடுற நேரம் நீளும். அதுக்குத்தான் மாத்தியிருக்கார்!"

அவள் சொன்னாள், "அவரு அவ்வளவு யோசிச்சாருங்கறே?"

"யோசிச்சிருக்கலாம்ல?"

"அவரு சட்டைக்குப் பொருந்துற பேன்ட் எதுன்னே யோசிக்கமாட்டாருடி."

அவள் சொல்வதும் நியாயம்தான். ஆகவே மேலே உள்ள கண்டுபிடிப்பை வாசகர்கள் பாதி மட்டும் நம்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.

5

அதற்குள் நான் இரண்டு முடிவுகளை எழுதி வைத்திருந்தேன்.

முடிவு அ: மாமா போய்விடுகிறார். அக்கா தனியாகக் கன்ட்ரோலரைக் கையில் எடுக்கிறாள். திரையில் கரடி மட்டும் கூண்டுக்குள் நடந்துகொண்டே இருக்கிறது. சார்ஜ் தீரவே இல்லை.

முடிவு ஆ: மாமா பெட்டிகளைப் பிரிக்கிறார். 'இதர' பெட்டியிலிருந்து கல்யாண

(கல்யாண ஆல்பம் என்று எழுத வந்தேன். அவர்கள் ஆல்பமே போடவில்லை.)

இரண்டையும் அக்காவிடம் படித்துக் காட்டினேன்.

"முதல்ல இருக்கறதுல நான் பைத்தியம் மாதிரி இருக்கேன். ரெண்டாவதுல அவர் பைத்தியம் மாதிரி இருக்கார்" என்றாள்.

"உனக்கு எது வேணும்?"

"எனக்கு என்ன வேணும்னு தெரிஞ்சா உன்கிட்ட ஏன்டி வரப்போறேன்?"

அவள் குரல் உடைந்தது. என் அக்கா அழுது நான் கேட்டதில்லை. அன்றைக்கும் அழவில்லை, மூக்கை மட்டும் உறிஞ்சிவிட்டுப் போனை வைத்துவிட்டாள். இதைக் கதையாக எழுதுவது சரிதானா என்று அப்போதுதான் முதன்முதலாகத் தோன்றியது. எழுதாமல் இருப்பது எப்படி என்றும் தெரியவில்லை.

6

ஞாயிற்றுக்கிழமை மதியம் நடந்தது. நான் அங்கே இல்லை. அக்கா சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

புதுப் பேட்டரி எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்றாள் அவள். மாமாவுடையதுதான் கேபிள் அறுந்து கிடக்கிறதே. அவர் பரணில் ஏறி, ஒயர் வைத்த பழைய கன்ட்ரோலர் ஒன்றை எடுத்து வந்தார். ஒயர் குட்டை, சோபாவரைக்கும் எட்டாது. அதனால் அவர் டிவிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார, அக்கா சோபாவில். அவளுக்கு அவர் முதுகு மட்டும்தான் தெரிந்தது.

ஒரு கோடுதான் காட்டிக்கொண்டிருந்தது. இதோ அணையும், இதோ அணையும் என்று அவள் காத்திருந்தாள். அணையவில்லை. டீ போடும் நேரம் வந்து, போயும் போனது. யானைக் கொட்டடியைத் தாண்டி, அதுவரை அவர்கள் பார்த்தே இராத இரும்புக் கேட் ஒன்றுக்கு வந்தார்கள். நரி ஒரு நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நின்றால்தான் கேட் தூக்கியபடி நிற்கும், கரடி அதன் அடியில் நுழைய வேண்டும். நுழையும்போது அக்கா அந்த முதுகைப் பார்த்துக் கேட்டாள்.

"நான் எப்போ பிரியலாம்னு சொன்னேன்?"

"'போறதுன்னா போங்க'ன்னு சொன்னியே."

"அதுக்குப் போகாதீங்கன்னு அர்த்தம்."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"இத்தனை வருஷத்துல தெரிஞ்சிருக்கணும்."

"'சாப்பிடுறதுன்னா சாப்பிடுங்க'ன்னு சொன்னா சாப்பிடணும். 'போறதுன்னா போங்க'ன்னு சொன்னா போகக்கூடாது. நான் எதை வச்சுக் கண்டுபிடிக்கிறது?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டதாம். சிரித்துக்கொண்டே கேட்டிருக்கிறாள், "மாத்தலுக்குச் சரி சொல்றதுக்கு முன்னாடி என்னை ஏன் கேக்கல?"

நரியின் கை நெம்புகோலிலிருந்து நழுவியது. கேட் கரடியின் மேல் விழுந்தது.

"கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னு பயந்தேன்" என்றார் மாமா, திரும்பாமலே.

"சொல்லியிருப்பேன்."

"அதான்."

(இந்த இடத்தில் நான் அக்காவை நிறுத்திக் கேட்டேன், "நீ அப்ப அவரை 'நீங்க'ன்னு கூப்பிட்டியா, 'டேய்'னு கூப்பிட்டியா?" "ஞாபகம் இல்லடி. அது முக்கியமா?" என்றாள். ரொம்ப முக்கியம். ஆனால் அவளுக்கு ஞாபகம் இல்லை. வாசகர் தம் விருப்பப்படி மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.)

"அப்புறம்?" என்றேன்.

"அப்புறம் பேசினோம்."

"என்ன பேசினீங்க?"

"உன் கதைக்கு வேணுங்கறதைச் சொல்லியாச்சு. மீதி எங்களோடது."

7

இப்போது நான் அக்கா வீட்டு ஹாலில், அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். காலையில் அவள்தான் வரச்சொன்னாள். "கடைக்குப் போயிட்டு வந்துடறோம், வீட்டைப் பாத்துக்கோ" என்றாள். 'வந்துடறோம்' என்று பன்மையில் சொன்னாள். என்ன கடை என்று கேட்பதற்குள் இருவரும் படியிறங்கிவிட்டார்கள். மாமா முன்னால் போனார். அக்கா பின்னால். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்றால், சரியாக அந்த நேரம் பார்த்துப் படிக்கட்டு விளக்கு அணைந்து தொலைத்தது.

சற்று முன் மேஜைமேல் ஒரு போன் அடித்தது. மாமாவுடையது, மறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறார். எடுத்தேன்.

"சார் இல்லீங்களா? சாமான் ஏத்துற வண்டிங்க. தெருமுனையில நிக்கிறோம். வரலாமா?"

"அவர் வெளியே போயிருக்கார்."

"நீங்க யாருங்க?"

"அவரோட மச்சினி" என்றேன். சொன்ன பிறகுதான், இன்றைக்குச் சாயங்காலமும் அப்படிச் சொல்லிக்கொள்ள முடியுமா என்று நினைத்தேன்.

"அப்ப நீங்களே சொல்லிடுங்கம்மா. வரவா, வேண்டாமா?"

"ஒரு நிமிஷம் இருங்க."

அக்காவின் நம்பருக்கு என் போனிலிருந்து அடித்தேன். மணி போய்க்கொண்டே இருக்கிறது, எடுக்கவில்லை. இந்தப் பக்கம் வண்டிக்காரர், "அம்மா, ஆளுங்க வெயில்ல நிக்கிறாங்க" என்கிறார்.

மாமாவின் போனை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு உங்களைக் கேட்கிறேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் உங்களுக்கும் தெரியும், ஒன்றையும் மறைக்கவில்லை. நீங்களும் இந்த வீட்டுக்குள் இவ்வளவு நேரம் இருந்திருக்கிறீர்கள். வரச்சொல்லட்டுமா, வேண்டாம் என்று சொல்லட்டுமா?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். "ஹலோ, லைன்ல இருக்கீங்களா?" என்கிறார் அவர்.