தெரியாத ஆள் செங்கல்வராயன்

போதை மாத்திரையிலும் ஊசியிலும் சிக்கியவர்களுக்கென்று ஆவடியில் ஒரு மையம் உண்டு. ரேணுகா அங்கே ஆலோசகர். புதிதாக வருகிறவர்களிடம் முதல் நாளே சொல்லிவிடுவாள்: “வெளியில எங்க பார்த்தாலும் நான் உங்களைத் தெரிஞ்ச மாதிரி காட்டிக்க மாட்டேன். நீங்களா வந்து பேசினாத்தான் பேசுவேன். கோவிச்சுக்காதீங்க.”

எல்லோரும் தலையாட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். செங்கல்வராயன் மட்டும் அதைத் தலையில் அடித்துச் செய்த சத்தியமாகவே எடுத்துக்கொண்டான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளானூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் சங்கக் கூடத்தில் விழிப்புணர்வுக் கூட்டம். ரேணுகா உள்ளே நுழைந்தால், மைக் செட் கட்டிக்கொண்டிருந்தது செங்கல்வராயன். எட்டு மாதமாக மையத்துக்கு வந்து, அங்கே தரும் மாற்று மருந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்துக் கரைத்துக்கொண்டு, நன்றாகத் தேறி வருகிறவன். ரேணுகா சட்டென்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அவன் வயரைப் போட்டுவிட்டு ஓடிவந்தான்.

“வணக்கம் மேடம். நீங்க யாருன்னே எனக்குத் தெரியாது.”

“வணக்கம்” என்றாள், கடிகாரத்திடம்.

சங்கச் செயலாளர் சிவராமன், ராணுவத் தொழிற்சாலையிலிருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். செங்கல்வராயன் அதோடு விட்டானா? மைக்கைத் தட்டிப் பார்த்து, “ஹலோ, ஹலோ. முன்னபின்ன நான் பார்த்தேயிராத மேடம் இப்ப பேசுவாங்க” என்று அறிவித்தான். முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

ரேணுகா பேச ஆரம்பித்தாள். மாத்திரை அளவு மீறினால் மூச்சு குறையும், உதடு நீலம் பாரிக்கும். “குறட்டை மாதிரி ஒரு சத்தம் வரும். தூங்குறார்னு விட்டுடாதீங்க. தோளைத் தட்டிக் கூப்பிடுங்க. எழுந்திரிக்கலைன்னா நெஞ்செலும்பு மேல விரல் முட்டியால அழுத்தித் தேயுங்க. உடனே 108-க்கு போன் போடுங்க. மூச்சு நின்னா வாயில காத்து ஊதணும்.”

அப்போதுதான் ஒலிபெருக்கியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. க்ர்ர்ர்... கொர்ர்ர்...

பெட்டிக்குப் பின்னால், பிளாஸ்டிக் நாற்காலியில், மடியில் உபரி மைக்கோடு செங்கல்வராயன் தலை சாய்ந்து கிடந்தான்.

“ஐயோ, மேடம் சொன்ன அதே சத்தம்!” என்று அலறினாள் முன்வரிசையில் இருந்த நாகம்மா. சீருடை தைக்கும் தொழிற்சாலையில் முப்பது வருடம் உழைத்த கை அவளுடையது. கூடமே எழுந்து ஓடியது. ஒருவர் அவன் கையில் சாவிக்கொத்தைத் திணித்தார். இன்னொருவர் சோடாவைத் திறந்தார். “வாயில எதையும் ஊத்தாதீங்க!” என்று கத்திக்கொண்டே கூட்டத்தைப் பிளந்து போனாள் ரேணுகா. சென்டர் மாத்திரைக்கு மேல் வேறு எதையாவது போட்டுக்கொண்டானா? உயிர் போகிற நிலை என்றால் ரகசியமாவது மண்ணாவது, ஆம்புலன்ஸ்காரரிடம் மட்டும் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தபடி அவன் உதட்டைப் பார்த்தாள். நீலம் இல்லை. மூச்சை எண்ணத் தொடங்கினாள்.

நாலு எண்ணுவதற்குள் நாகம்மாவின் விரல் முட்டி அவன் நெஞ்சில் இறங்கிவிட்டது.

“யம்மாடியோவ்!” செங்கல்வராயன் நாற்காலியோடு துள்ளினான். “இன்னாம்மா, கொத்துப் பரோட்டாவா போடுற?”

சிவராமன் முன்னால் வந்தார். “ஏம்ப்பா, ஏதாவது போட்டிருக்கியா? மேடம், இவரை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“யாரைக் கேட்டாலும் நான் தெரியும்னும் சொல்ல மாட்டேன், தெரியாதுன்னும் சொல்ல மாட்டேன் சார். உங்களைப் பத்திக் கேட்டாலும் அதேதான்.”

“சத்தியமா தெரியாது சார்!” செங்கல்வராயன் பாய்ந்தான். “செவ்வாக்கெயம செவ்வாக்கெயம, பத்தர மணிக்கு, ரெண்டாவது மாடில, பச்சக் கதவு ரூம்ல, இவங்கள நான் பார்த்ததே கெடயாது!”

கூடம் முழுவதும் ரேணுகா பக்கம் திரும்பியது.

தான் சொன்னது காதில் விழுந்ததும் அவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். ரேணுகாவைப் பார்த்தான். அவள் மறுபடியும் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். அது அவனுடைய சங்கதி, சொல்வதும் விடுவதும் அவன் இஷ்டம். கடைசியில் அவனே மைக்கை எடுத்தான்.

“சரி, உட்டுட்டேன். ஆமா, சென்டருக்குப் போய்கினு கீறேன். எட்டு மாசமா ஒயுங்கா கீறேன். ராத்திரி பூரா கோயில் திருவியாவுக்கு செட் போட்டேன், கண்ணு சொருகிக்கிச்சு. அவ்ளோதான் மேட்டரு.”

“இத மொதல்லியே சொல்றதுக்கின்னா?” என்ற நாகம்மா, திறந்து வைத்திருந்த சோடாவை அவன் கையில் கொடுத்தாள். யாரோ கைதட்டினார்கள்.

சிவராமனுக்கு மட்டும் ஆறவில்லை. “மேடம், நம்ம ஏரியாவுல வேற யார் யார் வராங்கன்னு ஒரு லிஸ்ட் குடுத்தா சங்கத்துக்கு வசதியா இருக்கும்.”

“குடுத்தா நாளையிலேர்ந்து ஒருத்தரும் வர மாட்டாங்க சார். வராம ஒளிஞ்சுக்கறவங்களைத்தான் நாங்க சாகக் கொடுக்கிறோம்.”

புதன்கிழமை மையத்துக்கு ஒரு போன். குரலை வேண்டுமென்றே கட்டையாக்கிக்கொண்டு ஒருவர் பேசினார். “என் ஃப்ரெண்டு ஒருத்தர். முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் வலி மாத்திரை. ஒரு வருஷமாச்சு, விட முடியலை. பேரெல்லாம் வேண்டாம்.” பின்னாலிருந்து யாரோ, “சிவராமன் சார், தண்ணி லாரி வந்துடுச்சு!” என்று கூப்பிடுவது தெளிவாகக் கேட்டது.

ரேணுகா சிரிப்பை விழுங்கிக்கொண்டாள். “திடீர்னு அவரா நிறுத்திட வேண்டாம்னு சொல்லுங்க. வெள்ளிக்கிழமை டாக்டரும் இருப்பார், வரச் சொல்லுங்க.”

வெள்ளிக்கிழமை அந்த நண்பர் வந்தார், தலையில் முழு ஹெல்மெட்டோடு. ரேணுகா ஒன்றும் கேட்கவில்லை. மின்விசிறியை மட்டும் அவர் பக்கம் திருப்பிவைத்தாள். அரை மணி நேரம் கழித்து, வியர்த்து விறுவிறுத்து, அவரே கழற்றினார்.