மார்ஜுக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம்

எங்கள் வினிப்பெக் ஜன்னல் தொழிற்சாலையின் மேலாளர் வெண்டல் ஃப்ரீசன் யாருடைய மாற்றல் விண்ணப்பத்திலும் கையெழுத்துப் போட்டதில்லை. தொழில் பழகியவன் ஓடிவிடுவான் என்பது அவர் கட்சி. அதனால் அவரிடம் சேர்ந்தவர்கள் ஒரே இயந்திரத்தின் முன்னால் நின்று நின்று வேர்விட்டார்கள். மே மாதம் வசந்தம் வந்ததும் சிலர் துளிர்விட்டதை நானே பார்த்திருக்கிறேன்.

லெட்டீஷியா பதினொரு வருடம் கண்ணாடி வெட்டினாள். ஜன்னல் சட்டம் அறுக்கும் புதுக் கணினி இயந்திரத்துக்கு ஆள் தேவை என்று சாப்பாட்டு அறையில் அறிவிப்பு ஒட்டினார்கள். கடைசி நேரம் வெள்ளிக்கிழமை நான்கு மணி. அவள் வேலை செய்த உற்பத்தி வரிசைக்கு நான்தான் பொறுப்பு. மூன்று மணிக்கு விண்ணப்பத்தை வெண்டலிடம் நீட்டினேன்.

“இவ போயிட்டா கண்ணாடிய யாரு வெட்டுறது மார்ஜ்? நீயா?”

“வரிசைல இருக்குற மத்த எட்டுப் பேரும் வெட்டுவாங்க.”

“கதை விடாத.”

இழுத்துப்போய்க் காட்டினேன். செவ்வாய்தோறும் அவர் தலைமையகக் கூட்டத்துக்குப் போனதும் எல்லோரையும் இயந்திரம் மாற்றி நிறுத்தி, இரண்டு வருடமாகப் பழக்கியிருந்தேன். எட்டுப் பேரும் ஆளுக்கொரு கண்ணாடி வெட்டினார்கள். பசை பூசும் ஓல்கா வெட்டிய விளிம்பு அவ்வளவு நேர். அளவுகோல் வைத்துப் போட்ட எங்கள் மானிட்டோபா மாகாண எல்லைக்கோடே அதைப் பார்த்து வெட்கப்பட வேண்டும்.

“யாரக் கேட்டுப் பழக்குன?”

“யாரையும் கேக்கல. கேட்டா வேணாம்னிருப்ப.”

வெண்டல் எச்சரிக்கைக் கடிதம் அடித்து வந்தார். படித்தேன் என்று நான் கையெழுத்திடாமல் தலைமையகம் அதை ஏற்காது. மணி மூன்று ஐம்பது.

“போடு.”

“லெட்டீஷியாவோடதுல நீ மொதல்ல போடு கண்ணு.”

“மிரட்டுறியா?”

“ஆமா. எதுத்தாப்புல கதவுக் கம்பெனில ஆள் எடுக்குறான். என் ஆளுங்க எல்லாருக்கும் எல்லா வேலையும் தெரியும். ஒருத்திய உள்ளயே நகர விடுறியா, ஒன்பது பேரும் ரோட்டத் தாண்டட்டுமா?”

என் பேனாவைப் பிடுங்கினார். லெட்டீஷியாவின் விண்ணப்பத்தில் போட்டார். லெட்டீஷியா அந்தத் தாளோடு பாதுகாப்புக் காலணியில் ஓடிய ஓட்டத்துக்கு ஒலிம்பிக்கில் பதக்கமே கொடுத்திருப்பார்கள். மூன்று ஐம்பத்தெட்டுக்கு அலுவலகத்தில் கொடுத்தாள்; அடுத்த வாரம் வேலை அவளுக்கு.

நானும் கடிதத்தில் போட்டேன். ‘அனுமதியின்றித் தன் வரிசையினர் அனைவருக்கும் எல்லா இயந்திரங்களிலும் பயிற்சி அளித்தார்’ என்பது குற்றம்.

“இன்னும் ரெண்டு பிரதி குடு வெண்டல்.”

“எதுக்கு?”

“வேற வேலை தேடுனா விண்ணப்பத்தோட வைக்கத்தான். இவ்ளோ நல்ல சான்றிதழ் எனக்கு யாரும் குடுத்ததில்ல.”