நெட்டை நீட்டிய கை

ஆட்டம் சமன் என்று கைகுலுக்கிய மறு நிமிடம், வரைபட அலுவலகத்துக் குட்டை ஐந்து விரற்கடை வளர்ந்தாள். புடவை கணுக்காலுக்கு மேலே ஏறி நின்றது. நில அளவைக்காரர் நாடாவைப் பிடித்துப் பார்த்துவிட்டு, எதிரே உட்கார்ந்து ஆடிய நெட்டையின் உயரமேதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இருவரும் ஒரே மேசையில் பழைய வரைபடங்களை நகலெடுப்பவர்கள். ஒன்பது வருட மதிய இடைவேளைகளில் சதுரங்கத்தில் குட்டை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. தலைமை வரைவாளர் இடம் காலியானபோது, தோற்றவள் விண்ணப்பிக்கக் கூடாது என்று பேசிக்கொண்டு ஆடினார்கள். நகலெடுக்காமல், தானே ஆற்றங்கரைக்குப் போய் அளந்து வரையும் வேலை அது. அதற்காக எவ்வளவு ஏங்குகிறாள் என்பதைக் குட்டை கணவனிடம்கூடச் சொன்னதில்லை; நெட்டையிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

முப்பத்தெட்டாவது நகர்த்தலை முடித்ததும் நெட்டை கை நீட்டினாள். "போதும்டி, டிரா வெச்சுக்கலாம். ரெண்டு பேருமே அப்ளை பண்ண வேண்டாம், சரியா?"

"என்கிட்டயா டிரா கேக்குறீங்க, அக்கா?"

"பின்ன, செவுத்துகிட்டயா கேக்குறேன்?"

குட்டைக்குக் கண் நிறைந்துவிட்டது. பலகையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தக் கையைப் பற்றிக்கொண்டு நன்றி சொன்னாள்.

ஒரு மாதம் நெட்டையின் கண்களை நேருக்கு நேர் பார்த்துப் பேசும் சுகத்தில் கழிந்தது. பிறகு உத்தரவு வந்தது. தலைமை வரைவாளர், நெட்டை. விண்ணப்பத்தின் தேதி ஆட்டத்துக்கு அடுத்த நாள்.

குட்டை தனியாக உட்கார்ந்து, குறித்து வைத்திருந்த ஆட்டத்தைக் கடைசி வரை அடுக்கிப் பார்த்தாள். தன் யானையை ஓரத்து வரிசைக்குக் கொண்டுபோனால் நெட்டையின் ராஜாவுக்குப் போக்கிடமே இல்லை. ஒரே நகர்த்தல். அது நெட்டையின் கண்ணில் படாமல் இருந்திருக்க வழியில்லை. விண்ணப்பத்தைக்கூட மறந்துவிடலாம், தோற்றுக்கொண்டிருந்தவள் தாராளமாகக் கொடுப்பதுபோல் கை நீட்டியதும், தான் அதற்கு உருகியதும்தான் நெஞ்சை அறுத்தன. யானையை நகர்த்தி வைத்தாள். உட்கார்ந்த இடத்திலேயே இன்னும் ஒரு சாண் வளர்ந்தாள்.

மறுநாள் படிக்கட்டில் நெட்டை அண்ணாந்து பார்த்தாள். "கோபமாடி?"

"உங்க மேல இல்லக்கா. பலகையப் பாக்காம உங்க மூஞ்சியப் பாத்தேன் பாருங்க, அது மேல."

தச்சர் அவள் மேசைக் கால்களுக்கு அடியில் நான்கு கட்டைகள் வைத்துக் கொடுத்தார். உச்சி அலமாரியில் ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் இப்போது எல்லாரும் குட்டையைத்தான் கூப்பிடுகிறார்கள்.