பிராகோவின் இரண்டு சத்தியங்கள்

அம்போஃபோ வாயை மூடிக்கொண்டு வியாபாரத்தைப் பார்த்திருந்தால் இந்தக் கதையே கிடையாது. ஆனால் வர்ஜீனியாவில், வுட்பிரிட்ஜ் கடைத்தெருவில் இருபது வருடமாகக் கடை வைத்திருக்கும் அந்த மனிதரிடம் போய் அதை எதிர்பார்ப்பது நம் தப்பு. புளித்த சோளமாவில் செய்த கென்கே உருண்டை, கருவாடு, பனையெண்ணெய் என்று எதை வாங்கப் போனாலும் கூடவே கானா நாட்டுச் செய்தி அத்தனையும் பொட்டலம் கட்டிக் கொடுப்பார். போதாக்குறைக்கு, கானாவில் அவர் பிறந்த அசுவோசோ ஊரார் சங்கத்துக்கும் அவர்தான் தலைவர்.

அந்த வியாழக்கிழமை மதியம் அவர் கடைக்கு ஒரு அம்மாள் நோட்டுப் புத்தகத்தோடு வந்திருந்தார். பெயர் விட்டேக்கர். அரசாங்கப் பாதுகாப்பு அனுமதிக்கு மனுப் போட்டிருக்கும் பிராகோ எப்படிப்பட்டவர், குடிப்பாரா, பொய் சொல்வாரா, வெளிநாட்டில் யாரோடு தொடர்பு என்று தெரிந்தவர்களிடம் விசாரிப்பது அவர் வேலை. அம்போஃபோ பிராகோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லி, கேட்காமலே ஒரு இஞ்சிப் பானமும் ஊற்றிக் கொடுத்திருந்தார். அத்தோடு விட்டேக்கர் கிளம்பியிருப்பார்.

அந்த நேரம் பார்த்து, சாப்பாட்டு இடைவேளையில் மிளகாய் ஊறுகாய் வாங்கப் பிராகோவே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

அம்போஃபோ எழுந்து நின்றார். கடையில் இருந்த மற்ற இரண்டு பேரும் தலையைக் குனிந்தார்கள்.

"வாங்க நனா, வாங்க! உங்களப் பத்தித்தான் பேசிக்கிட்டிருக்கோம். ஆயுசு நூறு!"

"நனான்னா என்ன?" என்று கேட்டார் விட்டேக்கர்.

பிராகோ கண்ணைக் காட்டினாள். அம்போஃபோவுக்குக் கண் ஜாடை புரிந்திருந்தால் அவர் பிழைப்பே வேறு மாதிரி இருந்திருக்கும்.

"உங்களுக்குத் தெரியாதா? இவங்க சொல்லலியா? அடக்கம் மேடம், அடக்கம்! நனான்னா பீடம் ஏறினவங்களுக்குப் பட்டம். இவங்க எங்க ஊரோட வளர்ச்சிக்குத் தலைவி. எங்க மன்னரே பீடத்துல உக்கார வெச்சது. ஒரு நிமிஷம், படம் இருக்கு."

கைப்பேசியை எடுத்துக் காட்டினார். அதில் கென்டே என்னும் பல வண்ணத் துணி சுற்றி, கழுத்திலும் கையிலும் பொன் பூண்டு, பிராகோ ஒரு வாளைப் பிடித்துக்கொண்டு மன்னர் முன்னால் நின்று ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். விட்டேக்கர் இரண்டு முறை ஓட்டிப் பார்த்தார்.

"என்ன சொல்றாங்க?"

"சத்தியம் பண்றாங்க! பகலோ ராத்திரியோ, மழையோ வெயிலோ, மன்னர் கூப்பிட்டா வருவேன், நோய்ல படுத்தாத்தான் வராம இருப்பேன்னு. லேசுப்பட்ட சத்தியம் இல்ல மேடம், பெரிய சத்தியம்!"

மனுஷர் தன் கையால் ஆனமட்டும் உயர்ந்த நற்சான்றிதழ் கொடுத்துவிட்ட பூரிப்பில் நின்றார். விட்டேக்கர் நோட்டுப் புத்தகத்தை மூடினார்.

"நாம மறுபடியும் பேசணும், திருமதி பிராகோ" என்றார். குரலில் கோபம் எதுவும் இல்லை. பிராகோவைப் பயமுறுத்தியது அதுதான்.

பிராகோ எதையும் மறைக்கவில்லை. நூற்றுச் சொச்சம் பக்கப் படிவத்தில் மாமன் மச்சான் பிறந்த தேதி வரை எழுதியிருந்தாள். "வெளிநாட்டில் அரசியல் பதவி வகித்ததுண்டா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்று குறியிட்டாள். கானாவில் பிறந்த யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். பீடத்தில் உட்கார்ந்தவர் கட்சி அரசியலில் இறங்கக் கூடாது என்று அந்த நாட்டுச் சட்டமே சொல்கிறது. பீடம் வேறு, அரசியல் வேறு என்று பள்ளிக்கூடத்தில் படித்துத் தேறியவள் அவள். படிவத்தைத் தயாரித்தவருக்கு அது தெரியுமா, தெரியாதா என்ற யோசனையே அவளுக்கு வரவில்லை.

கணினிக் கட்டமைப்புகளைக் காவல் காக்கும் வேலை அவளுடையது. புதிய கம்பெனியில் சேர்ந்து பதினோரு மாதமாகிறது. அனுமதி வராததால் உள்கதவைத் தாண்ட முடியாமல், வெளிக்கூடத்தில் உட்கார்ந்து பயிற்சிப் பாடங்களையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தாள். அனுமதி மறுக்கப்பட்டால் வேலை போகும். வேலை போவதைக்கூடத் தாங்கிக்கொள்வாள். பொய் சொன்னவள் என்று ஒரு கோப்பில் எழுதி, அது தன் பெயரோடு சாகும்வரை கூடவே வருவதைத்தான் அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

வீட்டில் புருஷன் க்வாசி கதையைக் கேட்டுவிட்டு முதலில் சிரித்தான். அவன் நகரப் பேருந்து ஓட்டுபவன். எதற்கும் முதலில் சிரிப்பான்.

"நனா, ராஜ்ஜியமே கவுந்தாலும் பாத்திரம் கழுவற முறை இன்னிக்கு உன்னோடதுதான்."

"விளையாடாத க்வாசி."

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அவனே பாத்திரத்தைத் தேய்க்க ஆரம்பித்தான். "இதுல என்ன இருக்கு? வெறும் சடங்குன்னு சொல்லு. ஊருக்குத் தண்ணிக் குழாய் போட்டுக் கொடுத்தேன், நன்றிக்கு ஒரு வேஷம் கட்டி விட்டாங்கன்னு சொல்லு. அவங்களும் அதத்தான் கேக்க விரும்புவாங்க."

"என் அம்மா முன்னாடி போயி அத வேஷம்னு சொல்வியா?"

க்வாசி அடுத்த பாத்திரத்தை எடுத்தான். பிராகோவின் அம்மா அஃப்ரகோமாவை அவனுக்குத் தெரியும். புருஷன் விட்டுப் போனவள் என்று அசுவோசோவில் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் கடைசி வரிசையில் உட்கார்ந்தவள். சந்தையில் தக்காளி விற்று மகளைப் படிக்க வைத்தவள். மகள் பீடம் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு முதல் வரிசையில் நாற்காலி போடுகிறார்கள். "நனாவின் தாய்" என்றுதான் கூப்பிடுகிறார்கள். சொந்தப் பெயரே மறந்துபோச்சுடி என்று போனில் சொல்லிச் சொல்லி மகிழ்வாள்.

அடுத்த வாரம் ஜன்னல் இல்லாத ஓர் அறையில் விட்டேக்கர் எதிரில் பிராகோ உட்கார்ந்தாள். படிவத்தில் ஏன் எழுதவில்லை என்பதை விளக்கினாள். அவர் பொறுமையாக எழுதிக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இது வெறும் சடங்குதான்னு எழுதிக்கலாமா?"

கதவைத் திறந்து வைத்துவிட்டு வழியைக் காட்டுவது போன்ற கேள்வி. ஆமாம் என்றால் போதும். பிராகோவின் நாக்கு நுனிவரை அது வந்தது.

"இல்ல மேடம். மனசாரத்தான் சொன்னேன்."

பேனா நின்றது. "அப்ப மன்னர் கூப்பிட்டா போவீங்க?"

"சாவு, நிலத் தகராறு, குழாய் ரிப்பேர், இதுக்குத்தான் கூப்பிடுவார். போவேன்."

"இங்க நீங்க பாக்கற வேலையப் பத்திச் சொல்லுன்னு கூப்பிட்டா?"

"கேக்க மாட்டார்."

"கேட்டா?"

"சொல்ல மாட்டேன்."

யோசிக்காமல் வந்துவிட்ட பதில் அது. அதைக் கேட்டு முதலில் திடுக்கிட்டவள் பிராகோதான்.

"அப்ப அந்தச் சத்தியம்?"

"உடைஞ்சிடும்." அவள் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டாள். "மேடம், எல்லாம் வேஷம்னு சொல்லிட்டு நான் எந்திரிச்சுப் போயிருக்கலாம். இந்த நாட்டுக் குடிமகளானப்ப, இனி எந்த அந்நிய மன்னருக்கும் நான் கட்டுப்பட்டவ இல்லைன்னு கோர்ட்டுல கையத் தூக்கிச் சொன்னேன். அழுதுக்கிட்டே சொன்னேன். அஞ்சு வருஷம் கழிச்சு வாளப் புடிச்சு அவர்கிட்ட இன்னொண்ணு சொன்னேன். ரெண்டும் மோதும்னு அப்ப எனக்குத் தோணவே இல்ல, அது என் மடத்தனம். ஆனா வாளப் புடிச்சுச் சொன்னது பொய்னா, கையத் தூக்கிச் சொன்னத மட்டும் நீங்க எத வெச்சு நம்புவீங்க?"

விட்டேக்கர் அதை மறுபடியும் மெதுவாகச் சொல்லச் சொல்லி, ஒரு வார்த்தை விடாமல் எழுதினார்.

"இது உங்களுக்கு நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியாதும்மா. நான் எழுதறவ. முடிவு பண்றது வேற எடம்."

ஆறு வாரம் கழித்து அந்த வேறு இடத்திலிருந்து கடிதம் வந்தது. சுற்றி வளைக்காமல் கேட்டிருந்தார்கள்: அந்நிய மன்னர் ஒருவரிடம் பெற்ற பதவியைத் துறக்கச் சம்மதமா? முப்பது நாளுக்குள் பதில் தேவை.

க்வாசி இந்தத் தடவை சிரிக்கவில்லை. "பயந்துக்கிட்டு விடாத. வேலை போனா நான் ரெண்டு ஷிப்ட் ஓட்டறேன்" என்றான்.

"பயமில்ல. அன்னிக்கு அந்த அம்மா கேட்டதும் வாயில வந்ததே, அதுதான் நெசம். ரெண்டும் மோதினா எதக் காப்பாத்துவேன்னு எனக்கே தெரிஞ்சு போச்சு. தெரிஞ்சுக்கிட்டே அந்தப் பீடத்துல உக்காந்திருந்தா நான் மன்னர ஏமாத்தறேன்."

சனிக்கிழமை காலை அசுவோசோவுக்கு போன் போட்டாள். மன்னரோடு யாரும் நேராகப் பேசக் கூடாது. போனிலும் அதே வழக்கம்தான். மன்னரின் வாயாக இருக்கும் பெரியவர் போவாடி கைப்பேசியைப் பிடித்திருந்தார். பிராகோ சொல்வதை அவர் அழகுபடுத்தி மன்னருக்குச் சொல்வார். மன்னர் பக்கத்திலேயே உட்கார்ந்து சொல்லும் பதில் பிராகோவின் காதில் விழும், ஆனால் விழாத மாதிரி இருந்து போவாடி சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். அதனால் எந்தக் கெட்ட செய்தியையும் அந்தச் சபையில் இரண்டு தடவை கேட்டாக வேண்டும்.

பிராகோ எல்லாவற்றையும் சொன்னாள். எதிர்முனையில் நிறைய பேர் இருக்கும் சத்தம் கேட்டது. மன்னர் கனைத்தார்.

"எந்த அதிகாரி வாசல்ல போயி நின்னாளோ, அங்கயும் நம்மள வேஷம்னு சொல்லலையாமே. அதுவரைக்கும் சந்தோஷம்னு சொல்லு."

போவாடி அதையே இன்னும் இரண்டு வரி சேர்த்துச் சொன்னார்.

"ஆனா எறங்கறவ நேர்ல வந்து, ஊர் முன்னாடி செருப்பு கழட்டி, வெறுங்காலோட மண்ணுல நிக்கணும். அதுதான் முறை. வரச் சொல்லு."

பிராகோ உதட்டைக் கடித்துக்கொண்டாள். மனு நிலுவையில் இருக்கும்போது அசுவோசோவுக்கு விமானம் ஏறினால் கோப்பில் இன்னும் பத்துப் பக்கம் கூடும். வர முடியாது என்று தெரிவித்தாள். எதிர்முனையில் முணுமுணுப்பு எழுந்தது.

"அப்ப அவ ரத்தத்துல ஒருத்தர் வந்து நிக்கட்டும்" என்றார் மன்னர்.

போவாடி அதைத் திருப்பிச் சொல்வதற்குள், முதல் வரிசையிலிருந்து ஒரு பெண்குரல், வழக்கத்தையெல்லாம் தாண்டி, நேராக மன்னரைப் பார்த்தே பேசியது.

"நான் நிக்கறேன்."

அம்மாவின் குரல். பிராகோ போனைக் காதோடு அழுத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த வாரம் நடந்ததை யாரோ படம் பிடித்து அம்போஃபோவுக்கு அனுப்பினார்கள். அவர் அதைக் கடையில் யாருக்கும் காட்டவில்லை. பிராகோவைத் தனியாகக் கூப்பிட்டுக் கொடுத்துவிட்டு, "என் வாயில கொள்ளிய வைக்க" என்று மட்டும் சொன்னார்.

படத்தில் ஊரே கூடியிருந்தது. அஃப்ரகோமா நடுவில் நின்றாள். இரண்டு ஆட்கள் குனிந்து அவள் செருப்பைக் கழற்றினார்கள். பீடத்துக்குரிய பாதம் மண்ணைத் தொடக் கூடாது, தொட்டால் முடிந்தது. ஒரு செருப்பின் வார் சிக்கிக்கொண்டது. இளைஞன் இழுத்துப் பார்த்துத் திணறினான். கிழவி முட்டியைப் பிடித்துக்கொண்டு மெல்லக் குனிந்து, தானே அவிழ்த்து, தானே காலை மண்ணில் வைத்தாள். பிறகு யாரும் சொல்லாமலே முதல் வரிசையைத் தாண்டி நடந்து கடைசி வரிசையில் போய் உட்கார்ந்தாள். பிராகோ அந்த இடத்தோடு நிறுத்திவிட்டாள். அதற்கு மேல் பார்க்க அவளால் ஆகவில்லை.

நாலு மாதம் கழித்து அனுமதி வந்தது. அவள் ஓர் அறையில் நின்று, அங்கே பார்ப்பதையும் கேட்பதையும் யாரிடமும் சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்திட்டு, சத்தியமும் செய்தாள். அட்டையைக் கதவருகே காட்டினாள். பதினேழு மாதம் வெளியே உட்கார வைத்த கதவு சத்தமில்லாமல் திறந்தது.

ஞாயிறன்று அம்மாவைக் கூப்பிட்டாள். அம்மா சந்தையில் இருந்தாள்.

"அந்தக் கதவுக்குள்ள விட்டுட்டாங்களா?"

"விட்டுட்டாங்கம்மா."

"உள்ள அப்படி என்னதான்டி இருக்கு?"

தனக்காக ஊர் முன்னால் வெறுங்காலோடு நின்றவள் கேட்கிறாள். அதற்கு ஒரு சின்னப் பதிலாவது கிடைக்க வேண்டியவள்.

"சொல்லக் கூடாதும்மா."

"எனக்குமா?"

"உனக்கும்தான்."

எதிர்முனையில் யாரோ தக்காளி விலை கேட்டார்கள். அம்மா அவர்களிடம் பேரம் பேசி, கூடையில் போட்டுக் கொடுத்துவிட்டு மறுபடி போனை எடுத்தாள்.

"சத்தியம் பண்ணித்தானே உள்ள போன?"

"ஆமாம்மா."

"அப்ப சொல்லாத. எனக்கு வயசாயிடுச்சு, மறந்துபோயி மறுபடி கேட்டாலும் கேட்டுடுவேன். அப்பவும் சொல்லாத."