குடிக்காதவரின் கல்லறை

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சனிக்கிழமை சாயங்காலங்களில் சுற்றிக் காட்டுகிறவளுக்குக் கல்லறை அக்கா என்று பெயர். அவளாக வைத்துக்கொண்டதில்லை, வருகிறவர்கள் வைத்தது. காய்ச்சலில் கொத்தாகச் செத்த மாலுமிகள், கரை தட்டிய கப்பலின் கேப்டன், மூன்று மனைவிகளுக்கு நடுவில் நெருக்கியடித்துக்கொண்டு படுத்திருக்கும் உப்பு வியாபாரி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். உப்பு வியாபாரியிடம் வந்ததும் கொஞ்சம் சிரிப்பார்கள். மற்றபடி பாதிப் பேர் கொட்டாவி விடுவார்கள். அவர்கள் காத்திருப்பதெல்லாம் படகு முதலாளிக்காக.

அங்கே இருப்பதிலேயே பெரியது அவருடைய கல்லறைதான். வெள்ளைப் பளிங்கு, தலைமாட்டில் ஒரு நங்கூரம். கால்மாட்டில் பாட்டில்கள். அதன் முன்னால் போய் நின்றதும் அக்காவின் குரலே மாறிவிடும். மூக்குமுட்டக் குடித்துவிட்டுத் தன் படகிலேயே கால் இடறித் தண்ணீரில் விழுந்து செத்தவர் இவர் என்பாள். தூக்கியபோது கையில் இருந்த பாட்டில் மூடி திறக்காமல் இருந்ததாம். அதனால் மூச்சு முட்டிச் சாகவில்லை, ஏக்கத்தில்தான் செத்தார் என்பாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். அவருக்கு ஒரு மூடி ஊற்றிவிட்டு நினைத்தால் நினைத்தது நடக்கும் என்று ஒரு வாலையும் அவளே ஒட்டவைத்தாள். அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? பரீட்சை எழுதுகிறவர்கள், வேலை தேடுகிறவர்கள், காதலில் மாட்டிக்கொண்டு முழிக்கிறவர்கள் எல்லாரும் பாட்டிலும் கையுமாக வர ஆரம்பித்தார்கள். பளிங்கு பழுப்பேறிப்போனது. பக்கத்தில் போனாலே நெடி மூக்கைத் துளைத்தது.

அத்தனையும் பச்சைப் பொய். மனிதர் வாழ்நாளில் ஒரு சொட்டு தொட்டவரில்லை. நெஞ்சுவலி வந்து, வீட்டுக் கட்டிலில், பெற்ற பிள்ளைகள் சுற்றி நிற்கச் செத்தவர். அது அக்காவுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் சொன்னாள்.

அவளுடைய அப்பா அந்த முதலாளியிடம் படகு ஓட்டினவர். அக்கரைக்கு ஆள் ஏற்றிப் போகும் படகு. அடிப்பலகை உளுத்துவிட்டது, மாற்றாமல் எடுக்க மாட்டேன் என்று அப்பா அடித்துச் சொல்லியிருக்கிறார். இந்த ஒரு நடை போய்விட்டு வா, அப்புறம் பார்க்கலாம் என்று முதலாளி அனுப்பிவைத்தார். பாதி வழியில் பலகை பிளந்தது. ஏறினவர்களில் பாதிப் பேர் கரை சேரவில்லை, அப்பாவும் சேரவில்லை. விசாரணையில் முதலாளி கண்ணைக்கூடச் சிமிட்டாமல் சொன்னார், பலகையில் ஒரு குறையும் இல்லை, ஓட்டினவன்தான் குடித்திருந்தான் என்று. செத்த மனிதர் எழுந்து வந்தா மறுக்கப் போகிறார்? தோட்டத்து வாசலில் இறந்தவர்களுக்கு நினைவுக்கல் வைத்தபோது அப்பாவின் பெயரை மட்டும் விட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அவளுக்குப் பின்னாலேயே தள்ளாடி நடந்து காட்டுவார்கள். அந்த நடையை அவள் மறக்கவில்லை, மறக்கிற உத்தேசமும் இல்லை. அப்பாமேல் போட்ட பழியை அப்படியே அந்த ஆள் தலையில் கட்டுவது என்று முடிவு செய்துகொண்டுதான் இந்த வேலைக்கே வந்தாள்.

ஒரு சனிக்கிழமை, கூட்டத்தின் கடைசியில் குடையோடு ஒரு அம்மாள் நின்றாள். சிரிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு பாட்டில்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பையில் போட்டாள். முதலாளியின் மகள்.

"எங்கப்பா இதத் தொட்டதே இல்லங்க" என்றாள்.

"தெரியும்."

"தெரிஞ்சுமா இப்படிச் சொல்றீங்க?"

"எங்கப்பாவும் தொட்டதில்ல. அது உங்கப்பாவுக்கும் தெரியும்."

ஆள் யாரென்று புரிய அம்மாளுக்கு அதுவே போதுமாக இருந்தது. பளிங்கின் ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். பலகை விஷயம் வீட்டில் எல்லாருக்கும் தெரியும் என்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள். அப்பாமேல் இருந்த பயத்தில் யாரும் வாயைத் திறக்கவில்லையாம். என்ன செய்தால் இதை நிறுத்துவீர்கள் என்று கேட்டாள்.

அக்காவிடம் பதில் தயாராக இருந்தது. நினைவுக்கல்லில் அப்பாவின் பெயரை வெட்ட வேண்டும், மற்றவர்கள் பெயர் இருக்கிற அளவிலேயே. அதோடு இதே இடத்தில், கூட்டத்துக்கு முன்னால் நின்று, உங்கள் அப்பா சொன்னது பொய் என்று உங்கள் வாயால் சொல்ல வேண்டும். சொன்ன கையோடு என் பொய்யை நானும் ஒத்துக்கொள்கிறேன் என்றாள்.

அம்மாள் நாயாய் அலைந்து பெயரை வெட்டவைத்தாள். கல்லில் அப்பாவின் பெயரைப் பார்த்த அன்று அக்கா அதைத் தடவித் தடவி அழுதாள். மனசு கொஞ்சம் ஆறியது என்னவோ நிஜம்தான், ஆனால் இரங்கவில்லை.

அடுத்த சனிக்கிழமை அம்மாள் கல்லறை முன்னால் நின்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை. படகு உளுத்திருந்தது, ஓட்டினவர் குடிக்கவில்லை, எங்கப்பா பொய் சொல்லித் தப்பித்தார் என்றாள். பணக்காரர் பொய் சொன்னார் என்பதை நம்பக் கூட்டத்துக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை. எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள்.

பிறகு அக்கா முன்னால் வந்தாள்.

"நானும் பொய்தான் சொன்னேன். இவரு குடிச்சதே இல்ல. தண்ணியில விழுந்தது, பாட்டில், நினைச்சது நடக்குறது, எல்லாமே நான் கட்டிவிட்ட கதை."

ஒருவர் களுக்கென்று சிரித்தார். மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அக்கா வேறென்ன சொல்வாள் என்று இன்னொருவர் கிசுகிசுத்தார். தன் தாத்தா அவரோடு உட்கார்ந்து குடித்திருக்கிறார் என்று ஒரு பையன் சத்தியமே செய்தான். தனக்கு வேலை கிடைத்ததே இவரால்தான் என்று சொல்லி ஒரு பெண் மூடியைத் திருகி ஊற்றினாள்.

அம்மாள் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இன்னொரு தடவை, சத்தமாகச் சொல்லச் சொல்லிக் கெஞ்சினாள். அக்கா சத்தமாகவே சொன்னாள். கூட்டம் கை தட்டியது.

எல்லாரும் போனதும் அம்மாள் கேட்டாள்: "இனிமே நான் யாருகிட்டப் போய்ச் சொல்றது?"

"எங்கம்மா வீடு வீடாப் போய்ச் சொன்னாங்க. சாகுற வரைக்கும் சொன்னாங்க. ஒருத்தரும் நம்பல."

இது இப்படித்தான் முடியும் என்று பேரம் பேசிய அன்றே அக்காவுக்குத் தெரியும். கொடுத்த வாக்கைத் துளிகூடப் பிசகாமல் காப்பாற்றிவிட்டாள், யாரும் அவளை ஒரு சொல் சொல்ல முடியாது. அம்மாள் குனிந்து பாட்டில்களைப் பொறுக்க ஆரம்பித்தாள். பாவமாக இருந்ததா என்றால், இல்லை. அக்கா கையைக் கட்டிக்கொண்டு, கடைசி பாட்டில் வரைக்கும் நின்று, ஆசை தீரப் பார்த்தாள்.