குழிக்குள் இருந்த சீட்டு

கறுப்பு உடையைத் தூக்கிப் பிடித்தபடி கேரி நிலவறைப் படிகளில் வேகமாக இறங்கினாள். பத்து மணிக்கு அப்பாவின் அடக்க ஆராதனை. அவர் துப்பாக்கி பழுதுபார்க்கும் மேசையை ஷெரீப்பின் ஆட்கள் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். துடைத்த லட்சணம், மேசைக் காலில் இன்னும் ரத்தக் கறை இருந்தது.

அப்பாவைப் பற்றி மூன்று நாளாக ஊரில் இதே பேச்சு. முப்பது வருஷம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் துப்பாக்கிப் பாதுகாப்பு சொல்லிக்கொடுத்த ஆர்லன், வீட்டுக்குள் நிஜத் தோட்டாவைப் போட்டுச் சோதிப்பாரா? நிலத்தை விற்ற துக்கத்தில் தானே நெஞ்சில் சுட்டுக்கொண்டார் என்றார்கள். இதைக் கேட்ட நாளிலிருந்து அம்மா வாயே திறக்கவில்லை.

கைத்துப்பாக்கிக்குப் புதுக் குழல் மாட்டினால், தோட்டா உட்காரும் இடத்தின் ஆழம் சரியா என்று பார்க்க வேண்டும். அதற்கென்றே அப்பாவிடம் தோட்டா அளவில் ஓர் எஃகுக் கட்டை இருந்தது. அது கையில் இருந்தால் தோட்டாவுக்கு அங்கே வேலையே இல்லை. மரப்பலகையில் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு குழி வைத்திருந்தார். இரவல் போனால் அந்தக் குழியில் வாங்கியவர் பெயரைச் சீட்டில் எழுதிச் சுருட்டி வைப்பார். பொருள் திரும்பி வந்ததும் சீட்டை வாங்கியவர் கையிலேயே கொடுத்துவிடுவார்.

எஃகுக் கட்டையின் குழியில் சீட்டு இருந்தது. கேரி உருவிப் பிரித்தாள். ‘டுவெய்ன். மார்ச்.’ இப்போது அக்டோபர். கட்டை இல்லாததால்தான் அப்பா நிஜத் தோட்டாவைப் போட்டுப் பார்த்திருக்கிறார்; சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு அவள் படியேறினாள்.

அடக்கம் முடிந்து தேவாலயத்தின் கீழ்க்கூடத்தில் பன்றித்தொடை வைத்த ரொட்டியும் காப்பியும் பரிமாறினார்கள். அம்மாவின் தம்பி டுவெய்ன், பக்கத்துப் பண்ணை லொரெய்னோடு நின்றிருந்தார்.

"மனசுல என்ன பாரமோ பாவம். நம்மகிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்," என்றாள் லொரெய்ன்.

"ஆமா... என்னத்தச் சொல்ல," என்றார் டுவெய்ன்.

கேரிக்கு அந்த ‘ஆமா’தான் தாங்கவில்லை.

"மாமா, அப்பாவோட எஃகுக் கட்டை எங்க?"

"அதெல்லாம் இப்ப எதுக்கும்மா?"

"மார்ச்சுல வாங்கினீங்க. எத்தன தடவ போன் பண்ணிக் கேட்டாரு?"

"ரெண்டு... மூணு தடவ. தரலாம்னுதான் இருந்தேன். அறுவடை வேற..."

"அப்ப இவங்க பேசுறதையெல்லாம் வாய மூடிக் கேட்டுட்டு நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? அவரு தானே சுட்டுக்கிட்டாருன்னு ஊரு சொல்லட்டும், நீங்க மட்டும் நல்லவரா இருக்கணும்!"

கூடத்தில் கரண்டிச் சத்தம் நின்றது. போதகர் எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். டுவெய்ன் கோட்டுப் பைக்குள் கைவிட்டு, அந்தக் கட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"பெட்டியில அவர் பக்கத்துல போட்டுரலாம்னு கொண்டாந்தேன். தைரியம் வரல."

"அதையும் சேத்துப் புதைச்சிரலாம்னு பாத்தீங்களாக்கும்!"

அம்மா எழுந்து வந்தாள். கட்டையை எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"துரு ஏறியிருக்கு," என்றாள். மூன்று நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. "அவரு எண்ணெய் தடவித்தானே குடுத்தாரு, டுவெய்ன்."

அம்மா கேரியிடமிருந்து சீட்டை வாங்கி, தம்பியின் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, ஒரு காகிதத் துவாலையை எடுத்துக் கட்டையைத் துடைக்கத் தொடங்கினாள். யாரும் காப்பியைத் தொடவில்லை. வெள்ளைத் தாள் செம்பழுப்பானதும் அதை மடித்து வைத்துவிட்டு, அடுத்ததை எடுத்தாள்.